மாடு மிதித்த விரல்கள்

கடலூரிலிருந்து தினம் பஸ் பிடித்துச் சிதம்பரம் கோர்ட்டுக்கு வந்து, என் சாட்சிகளோடு நானே சண்டை போடுவதுதான் என் பிழைப்பு. நான் அரசு வழக்கறிஞர். தன் சாட்சியைத் தானே குறுக்கு விசாரணை செய்யக்கூடாது என்பது பொது விதி. போலீசில் சொன்னதை அவர் கோர்ட்டில் வந்து மாற்றிச் சொன்னால் மட்டும், பிறழ் சாட்சி என்று நீதிபதியிடம் அனுமதி வாங்கிக் கேட்கலாம். நான் வாங்காத நாளே இல்லை.

அந்த வழக்கு புவனகிரிப் பக்கம். போர்வெல் தண்ணீர்த் தகராறில் ஒருவர் இன்னொருவரை மண்வெட்டியால் வெட்ட, இரண்டு விரல் போய்விட்டது. விசாரணை வருவதற்குள் வெட்டியவர் மகனுக்கு வெட்டுப்பட்டவர் மகளைப் பேசி முடித்துவிட்டார்கள். இந்தக் குற்றத்தில் சமாதானமாகப் போக சட்டத்தில் இடமில்லை. அதனால் எல்லோரும் ஒரே வேனில் பொய் சொல்ல வந்தார்கள். வந்ததும் தாம்பூலத் தட்டில் வைத்து எனக்குப் பத்திரிகை கொடுத்தார்கள். என்ன துணிச்சல்!

பெண் தள்ளி நின்றாள். "உனக்கு இஷ்டமாம்மா?" என்றேன்.

"யாரும் கேக்கலீங்க" என்றாள். இவர்கள் அடித்துக்கொள்வார்களாம், கேஸை மூட இந்தப் பெண்ணைக் கொடுப்பார்களாம்.

முதலில் பெண்ணின் அப்பா கூண்டேறினார். விரலை மாடு மிதித்துவிட்டது என்றார். அனுமதி வாங்கினேன்.

"உங்ககிட்ட மாடு இருக்கா?"

"இல்லீங்க."

"அப்ப யார் மாடு?"

குற்றவாளிக் கூண்டிலிருந்து குரல் வந்தது: "எங்க மாடுன்னு சொல்லுங்க சம்பந்தி, பரவால்ல!"

நீதிபதி மேசையைத் தட்டினார். அடுத்து வந்த சித்தப்பா, பெரியப்பா, பக்கத்து வயல்காரர் எல்லோருக்கும் அதே மாடு. ஒருவருக்கு அது கறுப்பு, இன்னொருவருக்கு வெள்ளை. ஒவ்வொருவருக்கும் எழுந்து அனுமதி கேட்டு எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.

கடைசியில் மகள் ஏறினாள். சம்பவத்தின்போது அவள் பள்ளிக்கூடத்துப் பிள்ளை. என்ன பார்த்தாய் என்று சலிப்போடு கேட்டேன்.

"அவுருதான் மம்முட்டியால வெட்னாரு. வெரல நான்தான் துணியில சுத்தி ஆஸ்பத்திரிக்கு எடுத்தாந்தேன்."

நான் எழுந்தேன். "இவரைப் பிறழ் சாட்சியாகக் கருதிக் குறுக்கு விசாரணை செய்ய அனுமதி வேண்டும்."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "எதுக்கும்மா? அவங்க உங்க கேஸைத்தானே சொல்றாங்க?"

கோர்ட்டே சிரித்தது. மானம் போய் உட்கார்ந்தேன். பின்வரிசையில் அவள் அப்பா மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து, விரல் இல்லாத கையை நீட்டிக் கத்தினார்:

"அடியே, கல்யாணத்த நெனச்சுப் பாத்துப் பேசுடி!"

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"நெனச்சுப் பாத்துதாம்பா பேசுறேன்."