கோயில் ஸ்பீக்கரில் எங்கள் ராக் பாட்டு

இன்று காலை பல் துலக்கிக்கொண்டிருந்தேன். வேலணைக் கோயில் ஸ்பீக்கரில் தேவாரத்துக்குப் பதிலாக என் குரல் கத்தியது!

மூன்று வருடமாக யாரும் கேட்காத எங்கள் ராக் பாட்டு. ஸ்பீக்கர் கட்டும் அண்ணையின் கொட்டிலில்தான் எங்கள் இசைக்குழு பாடிப் பழகும். அங்கே நான் மறந்துவிட்டு வந்த பென் டிரைவைச் செருகிவிட்டார்.

சைக்கிளில் பறந்தேன். போய்ச் சேர, பாட்டு முழுதாக ஓடி முடிந்திருந்தது. வாசலில் ஐயர்.

"ஐயா, மன்னிச்சுக்கொள்ளுங்கோ. பிழையாப் போட்டிட்டார்."

"அது கிடக்கட்டும். ட்ரம்ஸ் அடிக்கிறது ஆர்?"

"நாரந்தனை ஊர்ச் சிநேகிதன் ஒருத்தன், ஐயா."

"தாளம் பிசகேல்லை. பின்னேரப் பூசைக்குச் சேமக்கலம் அடிக்க ஆளில்லை. அவரை வரச் சொல்லும்."

எங்கள் குழுவுக்கு வந்த முதல் அழைப்பு.

பாடியது யார் என்று கேட்பாரா என்று இன்னும் சைக்கிளோடு வாசலிலேயே நிற்கிறேன்.

நீங்களாவது கேளுங்களேன்.