மச்சானின் கொயினாக் குவளை

பிள்ளைகளே, அலமாரியின் மேல்தட்டில் இருக்கும் தகரக் குவளையை ஏன் எடுக்க விடமாட்டேன் என்று கேட்டீர்கள். அது உங்கள் மாமாவுடையது. என் அக்காவின் கணவர், எனக்கு மச்சான்.

நாங்கள் கப்பலேறி வந்து வேலை பார்த்த கிள்ளான் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், காலையில் ஆள் கணக்கெடுக்கும்போது எல்லாருக்கும் கொயினாத் தண்ணீர் ஊற்றிக் கொடுப்பது அவர் வேலை. அப்போதெல்லாம் மலேரியாவுக்கு அதுதான் மருந்து. கசப்பு தாங்காமல் வாயில் அடக்கிக்கொண்டு போய் ரப்பர் மரத்தடியில் துப்புகிறவர்கள் உண்டு. அதனால் விழுங்கியதும் வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்ட வேண்டும். என்னையும் விடமாட்டார். "மாப்ளே, பந்திக்கா வந்திருக்க? நாக்கத் தூக்கு" என்பார். வரிசையே சிரிக்கும்.

பிறகு எனக்கு ரயில்வேயில் வேலை கிடைத்து நகரத்துக்கு, பிரிக்பீல்ட்ஸ் பக்கம் வந்துவிட்டேன். சில வருஷம் கழித்து மச்சான் வந்து நின்றபோது காய்ச்சலில் உடம்பு உருகியிருந்தது. இடது பக்க வயிறு மட்டும் கல்லாய்ப் புடைத்திருந்தது. "எத்தனை வயித்தத் தொட்டுப் பாத்திருப்பேன், மலேரியாவுல வர்ற காய்ச்சல் கட்டிதான் இது" என்று அவரே முடிவு கட்டி, மாதக்கணக்காகக் கொயினா குடித்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். ரத்தம் எடுத்துப் பார்த்த டிரெஸ்ஸர் என்னைத் தனியே அழைத்தார்.

"மலேரியா இல்லப்பா. ரத்தம் முழுக்க வெள்ளை அணுவா அடைஞ்சு கிடக்கு. ரத்தத்துல வர்ற புத்துநோய் இது. எனக்குத் தெரிஞ்சு இதுக்கு முன்னால ஒருத்தருக்குத்தான் பாத்திருக்கேன். மருந்து கிடையாது. அவருகிட்டச் சொல்லாத, மனசு விட்டுருவாரு."

நான் சொல்லவில்லை. மலேரியாதான் என்றேன். அக்கா தவறிய பிறகு அவர் மகள் ஊரில்தான் வளர்ந்தாள்; அவருக்கு ஒரே ஒரு ஆசைதான். "காய்ச்சல் விடட்டும், நாகப்பட்டினம் கப்பல் ஏறி மவள ஒருதரம் பாத்துட்டு வந்துர்றேன்." அப்போது அவரால் நடக்க முடிந்தது. உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த வாரமே ஏறியிருப்பார்.

இருந்தது ஒரே அறை. தினமும் காலையில் இந்தக் குவளையில் கொயினா ஊற்றிக் கொடுப்பேன். கண்ணை மூடி விழுங்கிவிட்டு, நான் கேட்காமலே வாயைத் திறந்து நாக்கைத் தூக்குவார். "பாத்துக்க மாப்ளே, நான் ஏமாத்தல." ஈறெல்லாம் வீங்கி ரத்தம் கசியும். பார்த்துவிட்டு, "சரி மச்சான்" என்பேன். அவர் கண்ணைப் பார்க்க முடியாதவன் வேறு எங்கே பார்ப்பது? இரண்டு கப்பல்கள் போயின. மூன்றாவது கப்பலுக்கு அவர் இல்லை.

அடக்கம் முடிந்து தனியாக அறைக்குத் திரும்பினேன். புட்டியில் கொஞ்சம் கொயினா மிச்சமிருந்தது. இந்தக் குவளையில் ஊற்றி ஒரே மூச்சில் விழுங்கினேன். பிறகு, அவர் படுத்திருந்த பாயின் எதிரே உட்கார்ந்து, வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினேன்.