என் இடது காலின் மேல் விழுந்த பழி

எங்கள் தெருவில் என் முகத்தைவிட என் இடது கால் பிரபலமாக இருந்த காலம் ஒன்று உண்டு. ரொம்ப முந்தியெல்லாம் இல்லை, போன வருஷம்தான். டீச்சர் எந்த நேரமும் கிளச்சில் காலை வைத்துக்கொண்டே ஓட்டுகிறாராம், நல்ல காரை நாசமாக்கிவிட்டாராம் என்று மாத்தளையில் நாலு பேர் கூடினால் பேசிக்கொண்டார்கள். இந்தச் செய்தியை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் வேறு யாருமில்லை, என் வீட்டுக்காரர்தான்.

அவர் முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். மாத்தளையிலிருந்து ரத்தோட்டை வழியாக மேலே ரிவர்ஸ்டன் வரைக்கும் ஒவ்வொரு வளைவும் அவருக்குச் சொந்தக்காரர் மாதிரி. ஓய்வு பெற்றபின் ஓட்டுவதற்கு பஸ் இல்லை. அதனால் நான் கார் ஓட்டுவதைப் பக்கத்தில் இருந்து மேய்ப்பதை உத்தியோகமாக எடுத்துக்கொண்டார்.

நான் ரத்தோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பிக்கிறேன். காலை பஸ்ஸில் எனக்கு எப்போதும் மிதிபலகையில்தான் இடம். ஒரு கையில் பிள்ளைகளின் கொப்பிகள், மற்றக் கையில் கம்பி, சேலை காற்றின் பொறுப்பில். இருபது வருஷம் அப்படிப் போய் முழங்கால் இரண்டும் தேய்ந்த பிறகு, ஐம்பத்தோராவது வயதில் பிடிவாதமாக லைசன் எடுத்தேன்.

கார் வாங்கும் பொறுப்பை அவரே எடுத்துக்கொண்டார். பழைய கார் ஒன்றை மூன்று மணிநேரம் பார்த்தார். கதவுகளைத் தட்டினார், டயரை உதைத்தார், என்ஜினைப் போடச் சொல்லி கச்சேரி கேட்பவர் மாதிரி கண்ணை மூடிக்கொண்டு நின்றார். விற்கிற மனிதர் களைத்துப்போய் எங்களுக்கு இரண்டு தரம் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். கடைசியில் இவர், "இதுல ஒரு குறையும் இல்ல. நான் பார்த்துட்டேன்ல" என்றார். அதோடு ஒரு நிபந்தனையும் போட்டார். ஒரு பள்ளிக்கூடத் தவணை, மூன்று மாதம் முழுக்க அவர் பக்கத்தில் உட்கார்ந்து வருவார். தவணை முடியும்போது காருக்கு ஒரு சேதமும் இல்லாவிட்டால் சாவி என் கையில், நான் தனியாகப் போகலாம். சேதம் வந்தால் பழையபடி பஸ்தான். அந்தச் சாவிக்காகத்தான், சாதாரணமாக நான் பொறுக்காத எத்தனையோ விஷயங்களைப் பொறுத்துக்கொண்டேன்.

இரண்டாவது கிழமையே கிளச் கோளாறு பண்ணத் தொடங்கியது. மிதித்தால் பாதம் எங்கோ பஞ்சுக்குள் போவதுபோல் உள்ளே போகும். கியர் கரகரவென்று திட்டும். ரிவர்ஸ் போட்டால் தெருவே திரும்பிப் பார்க்கும். உடனே இவர் ஆரம்பித்துவிடுவார். "கிளச்சுங்கிறது மாமியார் வீட்டுக் கதிரை மாதிரி. வேலை முடிஞ்சதும் எழும்பிறணும். நீ அதுலயே குடியிருக்க."

நான் அதை நம்பினேன், அதுதான் கொடுமை. குசினியில் ஸ்டூலில் உட்கார்ந்து, வெங்காயம் உரித்துக்கொண்டே இடது காலை மிதிப்பதும் தூக்குவதுமாகப் பயிற்சி செய்தேன். பாடம் நடத்தும்போதுகூட மேசைக்குக் கீழே கால் தானாக எழும்பியது. ஆனால் ஒரு விஷயம் மட்டும் எனக்கு விளங்கவில்லை. காலையில் கிளச் நன்றாக இருக்கும், பின்னேரம் வீடு திரும்பும்போது மோசமாகிவிடும். இவரிடம் கேட்டேன். "ராத்திரியெல்லாம் உன் கால் ஓய்வெடுக்குதில்ல, அதான்" என்றார், கொஞ்சமும் கண் சிமிட்டாமல். இலக்கணம் படிப்பிக்கிற நான் அதையும் தலையாட்டி ஏற்றுக்கொண்டேன்.

இதற்கிடையில் செய்தி தெருவைச் சுற்றிவரும்போது அதிலிருந்து கார் கழன்று விழுந்து, கால் மட்டும் மிஞ்சியது. பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு மேலால் எட்டி, "டீச்சர், கால் இப்ப எப்படி? வீக்கம் வத்திருச்சா?" என்று கேட்டார். நாவுலயில் இருக்கிற என் தங்கச்சிக்கும் யாரோ சொல்லிவிட்டார்கள். அவள் பதறிப்போய் அங்குள்ள நாட்டு வைத்தியர் வெத மாத்தயாவிடம் ஓடி, மூலிகை எல்லாம் போட்டுக் காய்ச்சிய கால் எண்ணெயை அவள் புருஷன் குடித்து முடித்த சாராயக் கால் போத்தல் ஒன்றில் ஊற்றி, பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அதைத் திறந்தும் பார்க்கவில்லை. பின் விறாந்தையில், சப்பாத்துத் தட்டுக்கு மேலே இருந்த பலகையில் கொண்டுபோய் வைத்தேன். அங்கே பழைய சாமான்களுக்குப் பின்னால் அதே மாதிரி இன்னொரு கால் போத்தல் இருந்ததை நான் கவனிக்கவில்லை.

தவணையின் கடைசி வெள்ளிக்கிழமை வந்தது. அதற்கு முந்தின இரண்டு மூன்று நாளாகவே கிளச் ஒரு புது விதமாக முரண்டு பிடித்தது. மிதித்தால் மேலே வர யோசித்தது. அன்றைக்கு மட்டும் சமாளித்துவிட்டால் சாவி என்னுடையது என்று கும்பிட்டுக்கொண்டு ஓட்டினேன். இவர் தீர்ப்புச் சொல்லப் போகிற நீதவான் மாதிரி சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

பின்னேரம் திரும்பும் வழியில், ரத்தோட்டைக்குக் கிட்ட, ஒரு மேட்டில், முன்னால் போன பஸ் ஆள் ஏற்ற ஹோல்ட்டில் நின்றது. நானும் மிதித்து நிறுத்தினேன். பஸ் கிளம்பியதும் காலைத் தூக்கப் போனேன். தூக்குமுன்னமே கார் ஒரு உதறு உதறி நின்றுவிட்டது. இவர் ரோட்டைப் பார்த்தபடியே, "காலை எடு" என்றார்.

"நல்லாப் பாருங்க" என்றேன்.

சேலையை ஒதுக்கிக்கொண்டு இரண்டு காலையும் சீட்டின் மேல் தூக்கி, பந்தியில் உட்கார்ந்த மாதிரி சம்மணம் போட்டிருந்தேன். கிளச் மிதி தன்பாட்டில் தரையோடு தரையாகப் படுத்திருந்தது. அவர் மிதியைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார், மறுபடி மிதியைப் பார்த்தார். 

"இறங்கு, நான் கராஜுக்கு எடுத்துட்டுப் போறேன்" என்றார். நான் மாட்டேன் என்றேன். ரிவர்ஸ்டன் உச்சியில் பஸ்ஸின் கிளச் போய், பனிக்குள்ளே கிளச்சே இல்லாமல் மாத்தளை வரைக்கும் சனங்களைக் கொண்டுவந்து சேர்த்த கதையை அவர் எல்லாக் கல்யாண வீட்டிலும் சொல்வார். சொல்லச் சொல்லப் பனி கூடிக்கொண்டே போகும். எனக்கு அது பரீட்சை விடை மாதிரி மனப்பாடம். ரோடு காலியாகும்வரை காத்திருந்து, கியரை முதலாவதில் போட்டு, அப்படியே சாவியைத் திருப்பினேன். கார் ஆட்டுக்குட்டி மாதிரி இரண்டு துள்ளு துள்ளியது. மூன்றாவது துள்ளலில் ஓடத் தொடங்கியது.

நின்றால் மறுபடி அதே துள்ளல் என்பதால், ஊளையிடும் முதலாம் கியரில் நிற்காமல் போனேன். வழியில் ஒரு பிள்ளையார் கோயில். முப்பது வருஷமாக எந்த வண்டியில் போனாலும் இவர் அங்கே இறங்கி உண்டியலில் காசு போடாமல் தாண்டியதில்லை. "நிப்பாட்ட ஏலாது" என்றேன். ஓடும் காரிலிருந்தே இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார். அவ்வளவு மனசாரக் கும்பிட்டு நான் பார்த்ததில்லை. காரணம் பிறகுதான் தெரிந்தது.

கராஜ் வைத்திருக்கிறவரை ஊரே அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிடும், எங்களுக்குப் பழக்கமானவர். பொனட்டைத் திறந்து, கிளச்சுக்குப் பிரேக் ஒயில் ஊற்றுகிற சின்ன டப்பாவின் மூடியைக் கழற்றி, விரலை விட்டு மோந்து பார்த்தார். இன்னொரு தரம் மோந்து பார்த்தார்.

"டீச்சர், இது பிரேக் ஒயில் இல்ல. கால் நோவுக்குப் பூசுற எண்ணெய்."

எனக்கு நாவுல போத்தல் நினைவுக்கு வந்தது. திரும்பினேன். முப்பது வருஷ டீசல் புகையில் மோப்பம் செத்துப்போன என் வீட்டுக்காரர், தூரத்து மலையை முதன்முதலாகப் பார்ப்பவர் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

நானா காருக்குக் கீழே போய்வந்து மிச்சத்தையும் சொன்னார். கியர் பெட்டிக்குப் பக்கத்தில் கிளச் சிலிண்டர் ஒழுகுகிறது, அது நேற்று இன்று ஒழுகியதில்லை, வாங்கும்போதே ஒழுகியிருக்கும், யாரோ நாளாந்தம் ஊற்றி ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள். இப்போது இந்த எண்ணெயில் உள்ளே இருக்கிற ரப்பர் எல்லாம் ஊதிப் போய்விட்டது. பிரேக்குக்கு வேறு டப்பா இருந்தபடியால் தப்பினோம். கிளச் பிளேட் நல்லாத்தான் இருக்கிறது, மேட்டில் வழுக்காமல் இழுக்கிறதே. "டீச்சர்ட கால்ல ஒரு பிழையுமில்ல" என்று முடித்தார்.

காரை அங்கே விட்டுவிட்டு பஸ்ஸில் வந்தோம். மிதிபலகைக்குப் பக்கத்தில் நின்றபடி, காதோடு காதாக அவர் ஒப்புக்கொண்டார். கார் வந்த மூன்றாம் நாளே ஒழுகலைக் கண்டுவிட்டாராம். விடியக்காலையில் நான் தேத்தண்ணி போடுகிற நேரம், கண்ணாடி துடைப்பதாகச் சொல்லிக்கொண்டு, பின் விறாந்தைப் பலகையில் ஒளித்து வைத்த கால் போத்தலிலிருந்து பிரேக் ஒயில் ஊற்றிவந்தாராம்; கடைசி நாட்களில் கைக்கு வந்தது பக்கத்திலிருந்த நாவுல போத்தல். "முப்பது வருஷம் ஓட்டுனவன் ஓட்டைக் காரை வாங்கிட்டான்னு சிரிப்பாங்கல்ல. தெருவுல சொல்லிறாத" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவருடைய மானத்துக்கு என் கால்தானா கிடைத்தது? பிரேக் டப்பாவில் ஊற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். அவர் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். முகம் வெளிறிப்போயிருந்தது. பாவமாகவும் இருந்தது, அதைக் காட்டிக்கொள்ளாமல் வீடு வரைக்கும் வந்தேன். தெருவில் சொல்லமாட்டேன் என்றும் வாக்குக் கொடுக்கவில்லை. ஆனால் லீவு முழுக்க நான் யாரிடமும் சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை.

புதுத் தவணையின் முதல் நாள் காலை, திருத்திய கார் வாசலில் நின்றது. அவர் சாவியை என் கையில் வைத்துவிட்டு கேட்டைத் திறந்து பிடித்தார். ஏறி உட்கார்ந்து, என்ஜினைப் போட்டு, கிளச்சை மிதித்து முதல் கியரில் வைத்தேன்; பக்கத்துச் சீட்டு காலியாக இருப்பது எனக்கு என்னவோ மாதிரி இருந்தது. சந்தோஷம்தான், அதை ஏன் மறைக்கவேண்டும். அந்த நேரம் பார்த்து வேலிக்கு மேலால் அக்காவின் தலை தெரிந்தது.

"டீச்சர் தனியாவா போறாங்க? கால் சுகமாயிருச்சா?"

நான் அவரைப் பார்த்தேன். அவர் தெருவைப் பார்த்தார். எதிர்வீட்டிலும் ஆள் நின்றது. ஒரு தரம் செருமினார்.

"அவங்க காலுக்கு ஒண்ணுமே இல்லக்கா. ஆரம்பத்துலயிருந்தே இல்ல. நான்தான் ஓட்டைக் காரைப் பார்த்து வாங்கிட்டு, பழியை அவங்க காலுல போட்டேன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அக்கா வேலிக்கு மேலால் இன்னும் கொஞ்சம் எட்டினார்.

"அப்ப நாவுலயிலயிருந்து வந்த அந்த எண்ணெய்?"

அவர் என்ன பதில் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. நான் கிளச்சிலிருந்து காலை எடுத்துவிட்டேன்.