கறுப்பு பானெட்டில் வட்டங்கள்

தங்கை ஜெயித்தவை இவை. சைக்கிள் ஓட்டக்கூடப் பயந்தவள், ஒரு வீட்டின் விலை இருக்கிற கார்களைச் சுவருக்கும் தூணுக்கும் நடுவில் உரசாமல் நிறுத்தக் கற்றுக்கொண்டாள். பாலிஷ் மெஷினை இவள் தூக்கினால் மெஷின் இவளைத் தூக்கிக்கொண்டு போய்விடும் என்று சிரித்த ஆண்கள் நடுவில் அந்த மெஷினைக் கையில் வாங்கினாள். “ரசீது எழுதறதானா சொல்லு, வேற வேலை பொம்பளப் பிள்ளைக்கு இங்க இல்ல” என்ற கடையில் ரசீது மேஜைப் பக்கமே போகாமல் நிலைத்து நின்றாள். கார் கழுவப் போகிறாள் என்று தெரிந்த நாளிலிருந்து பாதிப் பேச்சை நிறுத்திவிட்ட அம்மாவிடம் ஒரு நல்ல வார்த்தை வாங்கினாள். கடைசியாக, மாஸ்கிங் டேப்பில் இரண்டு விரல் அகலத்துக்கு ஓர் இடம் வாங்கினாள். அந்த இரண்டு விரல் இடம்தான் எல்லாவற்றையும் விட இழுத்தடித்து வந்தது.

அது என்ன இடம் என்று சொல்ல வேண்டும். புதுக் காரைச் சுத்தம் செய்து, மெருகேற்றி, பெயின்டைக் காக்கிற கோட்டிங் பூசி முடித்ததும், முன் கண்ணாடியில் ஒரு துண்டு டேப் ஒட்டுவது அந்தக் கடையின் வழக்கம். “தொடக் கூடாது, நனைக்கக் கூடாது” என்று எழுதி, கீழே தேதியும் கையெழுத்தும். யார் கையால் வேலை முடிந்ததோ அவர் பெயர்தான் அங்கே இருக்க வேண்டும். ஆனால் யார் முடித்தாலும் கையெழுத்து முதலாளியுடையதுதான்.

“போட்டவன்தான் நாளைக்கு போனை எடுத்து பதில் சொல்லணும். உங்க யாருக்கும் அந்தத் தெம்பு கிடையாது” என்பார். போனை எடுப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்பது நிஜம். சாப்பிடும்போதும் காதில் போன்தான். அதனால் முதுகுக்குப் பின்னால் அவருக்கு ‘ஹலோ’ என்று பெயர்.

தங்கைக்கும் ஒரு பெயர் இருந்தது, அதை வைத்தது அண்ணன். அண்ணன் தையல்காரர். தைத்து முடித்த சட்டையை அவள் சும்மா ஒரு தரம் திருப்பிப் பார்ப்பாள். எங்கேயாவது ஒரு தையல் விட்டிருந்தால் விரல் நேரே அங்கே போய் நிற்கும். “வந்துட்டா பூதக்கண்ணாடி” என்று அண்ணன் சலித்துக்கொள்வார். அவள் இல்லாதபோது, அளவு கொடுக்க வருகிறவர்களிடமெல்லாம் தங்கையின் கண்ணைப் பற்றிப் பேசாமல் டேப்பைச் சுருட்ட மாட்டார்.

ஒரு செவ்வாய்க்கிழமை கடைக்கு ஒரு கறுப்புக் கார் வந்தது. ஷோரூமிலிருந்து முந்தின நாள் எடுத்தது. சீட்டில் பிளாஸ்டிக் உறைகூடக் கழற்றவில்லை. ஓட்டிவந்தவர் ஓய்வு பெற்ற நர்ஸ். வாழ்க்கையில் அவர் வாங்கிய முதல் கார்.

ஹலோ முதலாளி போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு தங்கையைக் கூப்பிட்டார். “இந்த வண்டி முழுக்க நீதான். யாரும் கை வைக்க மாட்டாங்க. நல்லபடியா முடிஞ்சா இனிமே கோட்டிங் ரூம் உன் பொறுப்பு. ஏதாவது சொதப்பினே, மறுபடியும் தண்ணி அடிக்கிற இடத்துக்குத்தான். சரியா? ஹலோ... ஆங், சொல்லுங்க...”

அவள் தலையாட்டினாள். மறுபடி ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு தண்ணீர்க் குழாயோடு நிற்பதை நினைத்தாள். அதைவிட, அது தெரிந்தால் அம்மா பார்க்கப் போகிற பார்வையை நினைத்தாள்.

நர்ஸம்மா சும்மா போகிற ஆளாக இல்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். “ஏம்மா, நேத்துதானே வாங்கினேன்? பொறந்த குழந்தையைக் கொண்டுவந்து பியூட்டி பார்லர்ல விட்ட மாதிரி இருக்கே இது.”

“பொறந்த குழந்தையக் குளிப்பாட்டாமயா சிஸ்டர் தாய் கையில குடுத்தீங்க?”

நர்ஸம்மா வாயை மூடிக்கொண்டு சிரித்தார். “சரி, நீ பேசறவதான். காரணத்தைச் சொல்லு.”

தங்கை ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பையை எடுத்து அவர் கையில் மாட்டிவிட்டு, கழுவி நிறுத்தியிருந்த காரின் கதவில் தடவச் சொன்னாள். வெறும் கைக்கு வழவழவென்று இருந்த பெயின்ட், பை போட்ட கைக்கு உப்புத்தாள் மாதிரி நறநறத்தது. “தொழிற்சாலையிலிருந்து லாரியில வந்திருக்கு. ரோட்டுத் தூசி, பிரேக்கிலேர்ந்து பறக்கிற இரும்புத்தூள் எல்லாம் குத்திட்டு நிக்குது. அப்புறம் வெயில்ல நின்னிருக்கு. டெலிவரி அன்னிக்கு அவசரத்துல யாரோ ஒருத்தர் அழுக்குத் துணியால சுத்திச் சுத்தித் துடைச்சிருக்காங்க. இங்க பாருங்க.” கைவிளக்கைச் சாய்த்துக் காட்டினாள். கறுப்பின் மேல் சிலந்தி வலை மாதிரி மெல்லிய கோடுகள். “இதோடயே மேல கோட்டிங் போட்டா, அழுக்கையும் கீறலையும் கண்ணாடிப் பெட்டியில வச்சுப் பூட்டின மாதிரி. அதான் மொதல்ல இதெல்லாம் போகணும்.”

“நான் பாத்தப்ப புத்தம் புதுசாத்தான் தெரிஞ்சுது.”

“எனக்கு அப்படித் தெரியாதுங்க, சிஸ்டர். என் வியாதி அது.”

அவள் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பதே ஒரு பொழுதுபோக்கு. கழுவும்போது இரண்டு வாளி: ஒன்றில் ஷாம்பு நுரை, ஒன்றில் வெறும் தண்ணீர். கையுறையை அலசாமல் நுரைக்குள் விட மாட்டாள். மேலிருந்து கீழே வருவாள், சக்கரத்துக்குத் தனித் துணி. பிறகு களிமண் போலப் பிசைகிற ஒரு கட்டியை ஈரத்தின் மேல் வழுக்கவிட்டு, குத்திட்டு நிற்கும் துகள்களை எடுத்தாள். கட்டி அழுக்கானதும் மடித்துப் பிசைந்து புதுப் பக்கம் திருப்பினாள். ரப்பர் ஓரங்களில் டேப் ஒட்டி, மெஷினை மெதுவாக ஓட்டிச் சிலந்தி வலையைக் கரைத்தாள். புதுக் காரின் பெயின்ட் மெல்லியது, தேவைக்கு மேல் ஒரு சுற்றுகூடக் கூடாது. எதைத் துடைத்தாலும் நேர்க்கோட்டில்தான். வட்டமாகத் துடைக்கிற துணியைக் கண்டால் அவளுக்கு ஆகாது.

புதன்கிழமை காலை நம்பர் பிளேட்டின் ஓரம் அவள் விரலைக் கிழித்தது. அன்றும் வந்து உட்கார்ந்திருந்த நர்ஸம்மா கைப்பையிலிருந்து பஞ்சும் ஸ்பிரிட்டும் எடுத்தார். வெட்டின் நடுவில் வைத்து, சின்ன வட்டம், அப்புறம் கொஞ்சம் பெரிய வட்டம் என்று வெளிப்பக்கமாகத் துடைத்து வந்தார்.

“சிஸ்டர், நீங்களும் வட்டம் போடறீங்களே.”

“எங்க தொழில்ல இதான் முறை. நடுவுலேர்ந்து வெளிய. இப்படித் துடைக்கலன்னா எங்க மேட்ரன் காதைத் திருகிடுவாங்க.”

அவர் கட்டுப் போட்டு முடித்ததும் தங்கை அதன் மேல் கையுறை மாட்டிக்கொண்டு, கோட்டிங்குக்கு முன்னால் பாலிஷின் எண்ணெய்ப் பசை போவதற்காக ஸ்பிரிட் மாதிரி ஒரு திரவத்தால் காரை முழுக்கத் துடைத்தாள். வாசனை வந்ததும் நர்ஸம்மா முகம் மலர்ந்தது. “அட, ஊசி போடறதுக்கு முன்னாடி நாங்க செய்யறதேதான்!” என்று கையைத் தட்டினார். அந்த சந்தோஷத்தோடு டிபன் சாப்பிடப் போனார்.

கோட்டிங் பூசுவது பொறுமையைச் சோதிக்கிற வேலை. ஒரு சின்னச் சதுரம் பூசி, வானவில் மாதிரி நிறம் எழும்பும்வரை பார்த்திருந்து, சரியான நேரத்தில் துடைத்தெடுக்க வேண்டும். விட்டால் திட்டுத் திட்டாக இறுகிவிடும். மதியத்துக்குள் எல்லாச் சதுரமும் முடிந்தது. விளக்கைப் பிடித்து இரண்டு தரம் சுற்றி வந்தாள். ஒரு திட்டு இல்லை. பானெட்டில் அவள் முகம் முழுசாகத் தெரிந்தது.

டேப்பில் எழுதி, கீழே இடம் விட்டு, முதலாளியிடம் நீட்டினாள். அவர் போனில் யாரிடமோ சண்டையில் இருந்தார். “வச்சுட்டுப் போ, போடறேன்” என்று கையசைத்தார். அவள் மேஜையில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனாள்.

திரும்பி வந்தபோது முதலாளி கோட்டிங் ரூமில் நின்றிருந்தார். கையில் போன் இல்லை.

“இங்க வா. இது என்ன?”

பானெட்டின் மேல் மங்கலாக, பால் தெளித்தது போல, திட்டுத் திட்டாகத் தடங்கள்.

“நான் பாக்கறப்ப இல்லீங்க.”

“பின்ன, வானத்துலேர்ந்து விழுந்துதா? கைல கட்டோட பூசினா இப்படித்தான் ஆகும். சொல்லியிருந்தா வேற ஆளை விட்டிருப்பேன்ல?” அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலாம் போலிருந்தது. “சரி, நாளைக்குப் பேசிக்கலாம்.”

அவள் வெளியே வந்து சுவரோரம் நின்று அண்ணனுக்கு போன் செய்தாள். பின்னால் தையல் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. “அண்ணா, போச்சு. பானெட் பூரா திட்டு. நான்தான் விட்டிருக்கேன் போல.”

மெஷின் நின்றது. “நீ விட்டியா? நான் காஜா மறந்தேன்னா நம்புவேன், நீ திட்டை விட்டேன்னா நம்ப மாட்டேன். என் துணி சுருங்கினப்ப எல்லாம் நீ என்ன செய்வே? எந்தப் பக்கம் இழுத்திருக்குன்னு பாத்துட்டு அப்புறம்தானே திட்டுவே? போய் அதையே பாரு. அழறதுக்கு சாயந்திரம் வீட்டுக்கு வா, நானும் கூட உக்காந்து அழறேன்.”

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். விளக்கைத் தாழ்த்தி, பானெட்டின் மட்டத்துக்குக் கண்ணைக் கொண்டுபோனாள். சரியாகத் துடைக்காமல் விட்ட திட்டாக இருந்தால் சதுரத்தின் ஓரத்தில் நேர்க்கோடாக நிற்க வேண்டும். இவை நேராக இல்லை. நடுவில் ஒரு புள்ளி, அதைச் சுற்றிச் சின்ன வட்டம், அப்புறம் கொஞ்சம் பெரிய வட்டம். பக்கத்தில் இன்னொன்று, அதே மாதிரி. அவள் கட்டுப் போட்ட விரலைப் பார்த்தாள். பிறகு வைப்பரின் அடியைப் பார்த்தாள். ஒரு பஞ்சு இழை ரப்பரில் சிக்கியிருந்தது.

“ஐயா, நான் சாப்பிடப் போனப்ப யாராவது உள்ள வந்தாங்களா?”

“யாரும் வரல.” முதலாளி யோசித்தார். “அந்த நர்ஸம்மா மட்டும். வண்டியைப் பாக்கணும்னாங்க, பாருங்கன்னு சொல்லிட்டு நான் போன் பேச...” வாக்கியம் அந்தரத்தில் நின்றது.

அவளே நர்ஸம்மாவுக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். “சிஸ்டர், மத்தியானம் வண்டியத் தொட்டீங்களா?”

“தொடாம இருப்பேனா? மேல எண்ணெய் மாதிரி பளபளன்னு ஏதோ நின்னுது. நீ பாவம், பசியில துடைக்க மறந்துட்டேன்னு நெனச்சேன். ஸ்பிரிட் போட்டு சுத்தமாத் துடைச்சு வச்சிருக்கேன். பாத்தியா?”

“பாத்தேன் சிஸ்டர். நல்லாவே பாத்தேன்.” அதற்கு மேல் அவளால் முடியவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். விஷயம் புரிந்ததும் அந்தப் பக்கம், “ஐயையோ, மேட்ரன் இருந்திருந்தா ரெண்டு காதையும் திருகியிருப்பாங்களே!” என்று குரல் வந்தது. “அங்க ஒரு போர்டு வச்சிருந்தா நான் ஏம்மா தொடப் போறேன்?”

முதலாளி மெல்லத் தன் மேஜைப் பக்கம் பார்த்தார். கையெழுத்து விழாத டேப் துண்டு, டீ கிளாசின் அடியில் ஒட்டிக்கொண்டு கிடந்தது.

அன்று சாயந்திரம் வீட்டில் அண்ணன் இதை நடித்தே காட்டினார், நர்ஸம்மாவாகவும் முதலாளியாகவும். அம்மா அடுப்பைத் துடைத்துக்கொண்டே கேட்டாள், திரும்பிப் பார்க்காமல். எல்லாம் முடிந்த பிறகு, “தெரியாம செஞ்ச அந்தம்மாவ நீ ஒரு வார்த்தை கடிஞ்சு பேசலையே, அது நல்ல புத்தி” என்றாள். பிறகு, “நாளைக்கு அந்த பானெட்ட நல்லபடியா முடிச்சுடு. கைக்கு ஈரம் படாம பாத்துக்க” என்றாள். பானெட் என்ற சொல்லை அம்மா வாயிலிருந்து அந்த வீடு அதற்கு முன் கேட்டதில்லை. அண்ணன் கத்தரிக்கோலைத் தேடுவது போலக் குனிந்துகொண்டார்.

மறுநாள் காலை அவள் பானெட்டை மட்டும் மறுபடி லேசாக மெருகேற்றி, துடைத்து, சதுரம் சதுரமாகப் பூசினாள். நர்ஸம்மா வாசலில் ஸ்டூல் போட்டு, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே வந்த ஈயைக்கூட மிரட்டினார். வேலை முடிந்ததும் விளக்கைத் தாழ்த்திப் பார்த்தாள். ஒரு வட்டம் இல்லை.

டேப்பைக் கிழித்து எழுதி, வழக்கம் போலக் கீழே இடம் விட்டு நீட்டினாள். முதலாளி பேனாவை எடுத்தார். எடுத்தவர் மூடியைக் கழற்றி, டேப்போடு சேர்த்து அவளிடமே கொடுத்தார்.

“நான் போடறவரைக்கும் காத்திருந்தா ஊரே வந்து துடைச்சிட்டுப் போயிடும். முடிச்ச கையோட நீயே போட்டு ஒட்டிடு. இந்த ரூம்ல இனிமே அதான் வழக்கம்.”

“போன் வந்தா?”

“நீதான் எடுக்கணும். நேத்து நர்ஸம்மாகிட்ட பேசினியே, அது மாதிரி பேசணும்.” அதற்குள் அவருடைய போன் அடித்தது. “ஹலோ...”

அவள் பானெட்டைத் தொடாமல் எட்டி, டேப்பை முன் கண்ணாடியில் ஒட்டி, அப்பா வைத்த பெயரை இன்ஷியலோடு முழுசாக எழுதினாள். கட்டுப் போட்ட விரலால் கடைசி எழுத்து கொஞ்சம் கோணிவிட்டது. பூதக்கண்ணாடி அதைத் திருத்தவில்லை. பெயருக்குக் கீழே தேதி போட்டாள்: செப்டம்பர் 14, வியாழக்கிழமை.