வெயிலுக்கு ஒரு நாள்

சித்தி சுவிஸில் இருந்ததைக்கூட நான் பொறுத்துக்கொள்வேன். சித்தியின் மகளும் அங்கே இருந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

எனக்குப் பத்து வயது, அவளுக்கும் பத்து. அவர்கள் யன்னலைத் திறந்தால் பனிமலை. பாரிஸில், லாச்சப்பலில் எங்கள் யன்னலைத் திறந்தால் தூண்களின் மேல் ஓடும் மெத்ரோ ரயில், அதன் கீழே மரக்கறிப் பெட்டி இறக்கும் வான்கள். ஏரி, பசு, பைன் காடு என்று சித்தி அனுப்பும் படங்களை அம்மா எங்கள் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் காட்டுவார். "என்ரை தங்கச்சி சொர்க்கத்திலை இருக்கிறாள்" என்பார். என் படத்தை அவர் ஒருவருக்கும் காட்டி நான் பார்த்ததில்லை.

அந்த மாரிக் குளிரில் படங்கள் வருவது நின்றுபோனது. சொர்க்கத்தில் காட்ட ஒன்றும் மிச்சமில்லையாக்கும் என்று மகிழ்ந்தேன். ஆனால் பெப்ரவரி வக்கான்ஸுக்குப் பள்ளிக்கூடம் பூட்டியதும், அப்பாவைக் கடையில் விட்டுவிட்டு, அம்மா என்னோடு சுவிஸுக்கு ரயிலேறினார்.

இரண்டு மலைகளுக்கு நடுவே ஒடுங்கிய பள்ளத்தாக்கு அது. வானம் நீலமாக இருந்தது. உயரத்தில் ஒரு மலையின் உச்சி பொன்னாய் மின்னியது. ஊர் மட்டும் நிழலில் கிடந்தது. மத்தியானத்திலும் வீட்டுக்குள் விளக்கு எரிந்தது. சித்தி தலை வாராமல் விளக்கடியில் இருந்தார். சித்தப்பாதான் சமைத்தார்.

"வெயில் எங்கை?" என்று சித்தியின் மகளிடம் கேட்டேன்.

"நவம்பரோடை போயிடும். மலை மறைச்சிடும்" என்றாள், ஏதோ தானே மறைத்துவைத்த மாதிரி. "நாளைக்குத் திரும்பி வருது. சேர்ச்சிலை மணி அடிப்பினம், எங்களுக்குக் கேக் தருவினம். உங்கடை பாரிசிலை வெயில் வாற நாளுக்கு என்ன செய்வியள்?"

எங்களுக்கு வெயில் சும்மா வந்து சும்மா போகும். அதற்காக ஒருவரும் கேக் தந்ததில்லை. மலையும் பனியும் போதாதென்று வெயிலுக்கும் ஒரு திருநாளா! எனக்கு வயிறு எரிந்தது.

மறுநாள் ஊரே சேர்ச் முன்றலில் கூடியது. மலையிடுக்கில் ஒரு வெளிச்சப் பொட்டு தோன்றியதும் மணி அடித்தது, எல்லோரும் கைதட்டினார்கள். பனியில் வெயில் விழுந்து கண் கூசியது. கேக்கில் பெரிய துண்டு அவளுக்கே கிடைத்தது. அதை முறையிட அம்மாவிடம் ஓடினேன்.

அம்மா சித்தியைத் தாங்கிப் பிடித்திருந்தார். சித்தி முகத்தை நிமிர்த்திக் கண்களை மூடியிருந்தார். கன்னத்தில் நீர் வழிந்தது. வெயில் கண்ணைக் குத்தியிருக்கும் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் சூரியன் அடுத்த முகட்டுக்குப் பின்னால் மறைய, சனம் சிரித்துப் பேசியபடி கலைந்தது. சித்தி அசையவில்லை.

"இவ்வளவுதானா, அக்கா?"

"நாளைக்கு இன்னும் கொஞ்சம் கூட நேரம் நிக்கும்" என்றார் சித்தப்பா மெதுவாக.

"நாளைக்கு நான் இஞ்சை இருக்கமாட்டன்."

சித்தப்பா முகம் வெளிறி அம்மாவைப் பார்த்தார். அம்மா தன் சால்வையைக் கழற்றிச் சித்திக்குப் போர்த்தினார். "ஓம், இருக்கமாட்டாய். என்னோடை வாறாய்" என்றார்.

அடுத்த நாள் ரயிலில் அம்மா, சித்தி, அவள், நான் என்று நாங்கள் நான்கு பேர். சித்தப்பா மேடையில் நின்று யன்னல் கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருந்தார். எனக்கென்று சொல்லியிருந்த யன்னலோர இருக்கையை அம்மா சித்திக்குக் கொடுத்துவிட்டார். பள்ளத்தாக்கு விரிந்து வயல்வெளி வந்தது. ரயில் வளைந்தபோது வெயில் மற்றப் பக்கம் போனது. அம்மா சித்தியை எழுப்பி அந்தப் பக்கம் இருத்தினார். ரயில் இன்னொரு முறை வளைய, இன்னொரு முறை எழுப்பினார். ஒவ்வொரு தடவையும் நானும் பையைத் தூக்கிக்கொண்டு மாறவேண்டியிருந்தது. மலையும் அவர்களுக்கு, திருநாளும் அவர்களுக்கு, இப்போது அம்மாவும் அவர்களுக்கு என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

பாரிஸ் வரும்வரை அம்மா வெளியே ஒன்றையும் பார்க்கவில்லை. சித்தியின் மடியில் வெயில் விழுகிறதா என்று மட்டுமே பார்த்துக்கொண்டு வந்தார். அது ஏன் என்று கேட்க எனக்கு அன்று தோன்றவேயில்லை.