கடைசி வரிசையிலிருந்து அடுத்த ஸ்லைடு

வகுப்பில் அவளுக்கு வைத்த பெயர் சைலண்ட். பட்டப்பெயர் வைப்பதில் மட்டும் நம் பிள்ளைகளுக்குக் குறி தப்புவதே இல்லை. நாலு பேர் முன்னால் நிறுத்தினால் போதும், அவளுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். இறுதியாண்டு ப்ராஜெக்ட்டில் இரண்டு முறை தோற்றது அதனால்தான். எழுதிய புரோகிராமில் குறை இல்லை; விளக்கச் சொன்னபோது வாய் திறக்கவில்லை. மூன்றாவது முறைதான் கடைசி. இதிலும் தவறினால் பட்டம் கிடையாது.

அதனால் பேசாமலே தேறிவிட ஒரு வழி பார்த்தாள். கைபேசித் திரையில் விரலைத் தள்ளினால் கணினியில் ஸ்லைடு மாற வேண்டும், அறையின் எந்த மூலையில் நின்றாலும். ஐந்து மாதம் அதைக் கட்டிக்கொண்டு அழுதாள். விரலுக்கும் திரைக்கும் நடுவே அரை நொடி தாமதம் இருந்தது. அதை ஒழிக்க மட்டும் ஆறு வாரம் ஆயிற்று.

அவளுடைய அப்பா ஓர் அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் இயக்குபவர்.

“நான் பட்டன அமுக்கினா மேல கீழ போகும். நீ அமுக்கினா முன்ன பின்ன போகுமா? குடும்பத் தொழில விடலியே நீ!” என்று சிரித்தார். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, “பாஸ் ஆயிடுவியாம்மா?” என்றார்.

“ஆயிடுவேம்பா.”

“தெரிஞ்சதும் மெசேஜ் போடு. லிஃப்ட்டுக்குள்ள சிக்னல் இருக்காது. கதவு திறக்கறப்பல்லாம் பாத்துப்பேன்.”

ப்ராஜெக்ட்டில் அவளுடைய கூட்டாளி, உடம்புக்கு முடியாமல் சென்ற வருடம் தேர்வைத் தவறவிட்டவள். பட்டப்பெயர் ரேடியோ, காரணம் சொல்லத் தேவையில்லை. ரேடியோ முன்னால் நின்று பேசுவது, சைலண்ட் கடைசி வரிசையிலிருந்து இயக்கிக் காட்டுவது என்று ஏற்பாடு. ஏற்பாடு சைலண்டுடையதுதான், பாவம்.

தேர்வன்று காலையில் ரேடியோ வெளுத்து வாங்கினாள். இருபத்திரண்டு ஸ்லைடுகளும் அவள் வாயசைவுக்குச் சரியாக மாறின. ஒன்றுகூடத் தடுமாறவில்லை. கெட்டதும் அதனால்தான்.

“நல்லாப் பேசினம்மா. ஸ்லைடுக்கு டைமர் வெச்சிருக்கியா?” என்றார் வெளியிலிருந்து வந்த தேர்வாளர்.

“இல்ல சார், அவதான் பின்னாலேருந்து மாத்தினா. அதுதான் ப்ராஜெக்ட்டே. எல்லாம் அவதான்...”

“உன்னக் கேக்கலம்மா.” அவர் திரும்பினார். அறையே திரும்பியது. “நீ சொல்லு. நீ என்ன பண்ணினே?”

எல்லாவற்றையும் நான்தான் எழுதினேன் என்று சொல்ல வேண்டும். மூன்றே சொல்.

“ஸ்லைடு... மாத்தினேன் சார்.”

“அவ்வளவுதானா?”

 அவர் கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்துவிட்டு ஏதோ குறித்துக்கொண்டார். அடுத்த குழுவைக் கூப்பிட்டார்கள்.

மாலையில் முடிவைச் சொல்ல எல்லாரையும் கூட்டினார்கள். துறைத் தலைவரின் ரிமோட்டில் பேட்டரி தீர்ந்திருந்தது.

“போன்ல ஸ்லைடு மாத்தின பொண்ணு எங்க? வாம்மா, கொஞ்சம் உதவி பண்ணு.”

சைலண்டுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தோற்றவளைக் கூப்பிடுவார்களா? கடைசி வரிசையில் உட்கார்ந்து, அவர் தலையசைத்தபோதெல்லாம் விரலைத் தள்ளினாள்.

“பரவாயில்லையே, ஜோரா வேலை செய்யுது!” என்றார் அவர். கூட்டம் கைதட்டியது. அவளும் சிரித்தாள், முட்டாள் பெண்.

“சரி, இப்ப தேர்ச்சிப் பட்டியல்.”

தள்ளினாள். ஏழாவது வரியில் அவர்கள் ப்ராஜெக்ட் இருந்தது. பக்கத்தில் ரேடியோவின் பெயர் மட்டும் இருந்தது. மேலிருந்து கீழாக மறுபடி படித்தாள். எத்தனை முறை படித்தாலும் ஒரே பெயர்தான். முன்வரிசையில் ரேடியோ திரும்பி அவளைத் தேடிக்கொண்டிருந்தாள்.

கையிலிருந்த போன் அதிர்ந்தது. ஏதோ ஒரு மாடியில் லிஃப்ட் கதவு திறந்திருக்க வேண்டும். திரையின் உச்சியில் அப்பாவின் செய்தி: ‘பாஸா?’

“என்னம்மா, ஸ்டக் ஆயிடுச்சா?” என்றார் துறைத் தலைவர்.

“இல்ல சார்.”

அந்தக் கல்லூரியில் அவள் குரல் தெளிவாகக் கேட்டது அன்றுதான். அப்பாவின் செய்தியை ஓரமாக ஒதுக்கிவிட்டு விரலைத் தள்ளினாள். துளித் தாமதமும் இல்லாமல் ஸ்லைடு மாறியது. ‘அனைவருக்கும் வாழ்த்துகள்’ என்று வந்தது.