கொட்டாங்குச்சி வைத்த இடம்

செபஸ்தியான் சார் ஒரு வாக்கியத்தைப் பேசி முடிப்பதற்குள் காவிரியில் மூன்று முறை வெள்ளம் வந்து வடிந்துவிடும். அவ்வளவு பெரிய பேச்சாளர். காலை ஆறரைக்குப் பாலக்கரையிலிருந்து பஸ்ஸில் வந்து அம்மா மண்டபத்தில் இறங்குவார். படித்துறைக்குக் கொஞ்சம் தள்ளி இருக்கும் என் டீக்கடை பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்து ஒரு விரலைக் காட்டுவார். ஒரு டீ என்று அர்த்தம். குடித்துவிட்டுத் தோளில் தொங்கும் நீளப் பையைப் பிரிப்பார். உள்ளேயிருந்து ஒரு தடி வரும். ஒரு முனையில் தோசைக்கல் மாதிரி வட்டத் தட்டு, மறு முனையில் சின்னப் பெட்டி. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, தட்டை மணலுக்கு மேலே இப்படியும் அப்படியும் வீசிக்கொண்டே ஆற்றில் இறங்கிவிடுவார். மணலுக்கு அடியில் இரும்போ பித்தளையோ தங்கமோ, எது கிடந்தாலும் அந்தத் தடி கத்தும்.

அவருக்கு இது புதுத் தொழில் இல்லை. பன்னிரண்டு வருஷம் ஒரு பெரிய ஜவுளிக்கடை வாசலில் நின்று, வருகிறவர்கள் இடுப்பையெல்லாம் குட்டித் தடியால் தடவிப் பார்த்தவர். சாவிக்கொத்தைத் தவிர வேறு ஆயுதம் எதையும் பிடித்ததில்லை. வேலையை விட்ட வருஷமே அவர் சம்சாரம் செல்வமேரி தவறிப்போனார். ஒரே மகன் ஸ்டீபன்ராஜ் குவைத்தில். "வீட்டுல என்னப்பா பண்றீங்க?" என்று மகன் போனில் கேட்க, "சும்மாதான்டா இருக்கேன்" என்று இவர் சொல்லியிருக்கிறார். மகனுக்கு லீவு கிடைக்கவில்லை. மெஷின் கிடைத்தது. அனுப்பிவைத்துவிட்டான்.

மெஷினோடு ஒரு புத்தகமும் வந்தது. அதில் எந்த ஊர்க் கடற்கரையிலோ ஒரு வெள்ளைக்காரர் துருப்பிடித்த பட்டாளத்துத் தொப்பியைத் தூக்கிக்காட்டிச் சிரிக்கிறார். பக்கத்தில் தோட்டாக்கள், மெடல், பழங்காசு. நம்மாளுக்குக் கிடைத்தது சோடா மூடி, ஊக்கு, ஒரு ரூபாய்க் காசு. அந்தக் காசையும் வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டார்.

"ஆத்துக்குப் போட்டதுப்பா. நமக்கு எதுக்கு?" என்று திரும்ப ஆற்றிலேயே போட்டுவிடுவார். அடுத்த வாரம் அதே காசை மறுபடி கண்டுபிடிப்பார். ஒரே ஒரு ரூபாயை நாற்பது தடவை கண்டுபிடித்தவர் உலகத்திலேயே அவர் ஒருத்தர்தான்.

ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டார். கிரீடம் பொறித்த ஒரு பித்தளைப் பட்டன். கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப்பையில் இருக்கும்.

"சண்டைக்குப் போன சிப்பாயோட கோட்டு பட்டன், பிச்சை" என்றார் என்னிடம்.

"பேண்டு வாசிக்கிறவன் பட்டன் சார் அது. கல்யாண ஊர்வலத்துல அறுந்து விழுந்திருக்கும்."

அவர் சிரித்தார். பட்டனைத் திரும்பச் சுற்றிக்கொண்டே, "யாரா இருந்தா என்ன? அவனையும் வீட்டுல யாராச்சும் தேடியிருப்பாங்கல்ல" என்றார். எண்ணெய் காய்ந்துவிட்டதென்று உள்ளே போய்விட்டேன்.

இந்த வருஷம் ஆடிப் பதினெட்டுக்குத் தண்ணீர் மோசம். கரையோரம் முழங்காலுக்குக் கீழே ஒரு வாய்க்கால் போல ஓடியது. மற்றதெல்லாம் மணல். அப்படியும் கூட்டம் குறையவில்லை. கல்யாணமான பெண்கள் அன்றைக்குத் தாலிக் கயிற்றை மாற்றிக்கொள்வார்கள். பழைய கயிற்றில் இருக்கும் தங்கத்தையெல்லாம் புது மஞ்சள் கயிற்றில் கோத்துக் கட்டிக்கொண்டு, பழைய கயிற்றை ஆற்றில் விடுவார்கள். மறுநாள் ஆற்றைப் பார்த்தால் கறுகமணி, உடைந்த வளையல், பூ, கொட்டாங்குச்சி. தேங்காய் எடுத்துக்கொண்டு எறிந்த கொட்டாங்குச்சி மட்டும் ஒரு லாரி லோடு கிடக்கும். பத்து நாளைக்கு எனக்கு விறகுச் செலவே கிடையாது. கொட்டாங்குச்சிக்கு நிகரான நெருப்பு வேறு கிடையாது.

ஆடிப் பதினெட்டுக்கு மறுநாள், திங்கட்கிழமை காலையில்தான் கலைமதி வந்தாள். ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் நின்றாள். தில்லை நகரில் ஒரு கிளினிக்கில் ரத்தம் எடுக்கிற வேலை. முகத்தைப் பார்த்தால் அவளிடமிருந்தே யாரோ ஒரு பாட்டில் எடுத்துவிட்டது போல இருந்தது.

"அண்ணே, இங்க ஒருத்தர் மெஷின் வச்சித் தேடிக் குடுப்பார்னு சொன்னாங்க."

"தேடுவார்மா. இந்த ஆத்துல அவர் கண்டுபிடிக்காதது தண்ணி மட்டும்தான். என்ன போச்சு?"

போனது ஒரு லட்சுமி காசு. கூட்ட நெரிசலில் திருமாங்கல்யத்தையும் குண்டையும் புதுக் கயிற்றில் கோத்தவள், காசைப் பழைய கயிற்றிலேயே விட்டு, அதோடு ஆற்றில் போட்டுவிட்டாள். வீட்டுக்குப் போய்க் குளிக்கும்போதுதான் தெரிந்திருக்கிறது.

"எங்க அத்தையோட காசுண்ணே. அவங்க தாலியில ரெண்டு இருந்துச்சு. கல்யாணத்தன்னிக்கு ஒண்ணைக் கழட்டி எனக்குக் கோத்துவிட்டாங்க. வெள்ளிக்கிழமையானா அவங்களுதையும் என்னுதையும் தொட்டுக் கண்ணுல ஒத்திக்குவாங்க. இப்ப லால்குடியில நாத்தனார் பிரசவத்துக்குப் போயிருக்காங்க. ஞாயித்துக்கிழமை வந்துருவாங்க. அதுக்குள்ள..."

"சார்!" என்று நான் கத்திய கத்தலில் மலைக்கோட்டையில் புறா பறந்திருக்கும். ஹெட்போன் போட்டிருந்தவருக்கு மட்டும் கேட்கவில்லை. நானே மணலில் இறங்கி அழைத்துவந்தேன்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "எந்த இடத்துல நின்னீங்கம்மா?"

படித்துறையின் கடைசிப் படிக்கு நேராக, ஒரு பதினைந்து அடி. அவ்வளவுதான் அவளுக்கு நினைவிருந்தது. நேற்று ஓடிய தண்ணீர் ஒதுங்கி, அந்த இடம் இப்போது மணல். அந்தப் பதினைந்து அடியில் ஆயிரம் பெண்கள் ஆயிரம் காசு போட்டிருந்தார்கள். தடி ஓயாமல் கத்தியது. ஒவ்வொரு கத்தலுக்கும் குனிந்து தோண்ட வேண்டும்.

வேலைக்குப் போகும் முன்னால் தினமும் இரண்டு மணி நேரம் கலைமதி வருவாள். காசு வாங்க மாட்டேன் என்று அவர் சொல்லிவிட்டதால், எவர்சில்வர் டப்பாவில் இட்லி கொண்டுவந்தாள். மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி. அவர் தேட, அவள் பக்கத்திலேயே நடந்துகொண்டு பேசினாள். கிளினிக்கில் ஊசியைப் பார்த்து மயங்கி விழுந்த போலீஸ்காரர் கதை, ஓசூரில் வேலை பார்க்கும் கணவன் குக்கரைத் தீய்த்த கதை. செவ்வாய்க்கிழமை செபஸ்தியான் சார் ஹெட்போனை ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொண்டார். இன்னொரு காது கலைமதிக்கு. புதன்கிழமை அவரே பேச ஆரம்பித்துவிட்டார்! செல்வமேரி வைக்கிற அயிரைமீன் குழம்பு, ஸ்டீபன்ராஜ் சின்ன வயசில் மூக்கில் பட்டாணியைப் போட்டுக்கொண்டது. ஒன்பது வருஷமாக என் பெஞ்சில் உட்கார்ந்தும் எனக்குச் சொல்லாத விஷயமெல்லாம் மேலே கடைவரைக்கும் கேட்டது. அன்றைக்குக் கிளம்பும்போது அவள், "நாளைக்கு வரேன்பா" என்றாள். சார், அப்பாவாகியிருந்தார்.

வியாழக்கிழமை மழமழவென்று சவரம், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை.

"என்ன சார், ஆத்துக்குள்ள இன்னிக்குக் கல்யாணமா?"

"இட்லிக்கு ஒரு மரியாதை வேணாமாப்பா?" என்றார். ஜோக்கடித்தது செபஸ்தியான் சார்! நான் வடையைத் திருப்பிப் போட மறந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை கலைமதியின் கண்கள் சிவந்திருந்தன. பேச்சு குறைந்துவிட்டது. கை மட்டும் கழுத்துக்குப் போய்ப் போய் வந்தது. "நாளைக்கு ஒருநாள்தான்பா இருக்கு" என்றாள். அவர் மணலைப் பார்த்தபடி, "கிடைச்சிரும்மா" என்றார். வெயில் ஏறிவிட்டது, களைப்பாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை விடிந்ததும் கரைச் சாலையில் ஸ்பீக்கர் கட்டிய ஆட்டோ வந்தது. முக்கொம்பு அணையில் தண்ணீர் திறந்தாகிவிட்டது, ஆற்றில் யாரும் இறங்க வேண்டாம் என்று அறிவிப்பு. அந்தச் சத்தத்துக்கு உச்சிப்பிள்ளையாரே அவ்வளவு பெரிய காதையும் பொத்திக்கொண்டிருப்பார். கலைமதி ஸ்கூட்டரில் வந்தவள், கேட்டதும் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்து அழுதாள்.

"அழாதம்மா. அஞ்சு நிமிஷம். எடுத்துத் தரேன்" என்றார் செபஸ்தியான் சார். மெஷினைக்கூடப் பையிலிருந்து எடுக்கவில்லை. கடைக்காரர் அலமாரியிலிருந்து சாமான் எடுக்கப் போகிற மாதிரி நேராக மணலில் நடந்தார். ஒரு இடத்தில் நின்றார். சுற்றிப் பார்த்தார். இன்னும் ஒரு சுற்று. திரும்பியபோது அவர் முகத்தில் அந்த வெள்ளைச் சட்டையின் நிறம் இருந்தது.

"பிச்சை! இங்க ஒரு கொட்டாங்குச்சி கவுத்து வச்சிருந்தேனே!"

"ஒண்ணா சார்? அந்தப் பக்கம் முந்நூறு கிடந்துச்சு. எல்லாத்தையும் பொறுக்கியாச்சு. அந்தா, அடுப்புல எரியுது பாருங்க."

நான் பெருமையாகத்தான் சொன்னேன். கலைமதி எழுந்து நின்றாள்.

"கொட்டாங்குச்சிக்கு என்னப்பா?"

அவள் மணலில் இறங்கிப் போய் அவர் முன்னால் நின்று மறுபடி கேட்டாள்.

"புதன்கிழமை நீ போனப்புறமே தோண்டிப் பார்த்துட்டேம்மா" என்றார். "கயிறும் காசும் அப்படியே இருந்துச்சு. நான் எடுக்கல. திரும்ப மூடி, மேல கொட்டாங்குச்சியைக் கவுத்து வச்சேன். கையில எடுத்தா குடுத்துரணும். குடுத்துட்டா... மறுநாள் நீ எதுக்கு வருவே?"

ஆட்டோ மாம்பழச்சாலைப் பக்கம் போய்க் கத்திக்கொண்டிருந்தது. வாய்க்கால் மாதிரி ஓடிய தண்ணீர் கலங்கத் தொடங்கியது. அதைப் பார்த்ததும் மூவரும் பேச்சை விட்டோம். அவர் ஓடிப்போய் மெஷினை எடுத்துவந்தார். அவசரத்தில் தட்டு மணலில் இடித்து இடித்து, தடி கண்டபடி கத்தியது. கலைமதி மண்டியிட்டு இரண்டு கையாலும் தோண்டினாள். நான் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு, வடை எடுக்கிற ஜல்லிக்கரண்டியோடு இறங்கினேன். பதினெட்டு வடை கரியாகிப் போனது. நான் மணலை அள்ளி அள்ளிச் சலித்தேன். சோடா மூடி. ஒரு ரூபாய். ஊக்கு. இன்னொரு ஒரு ரூபாய். தண்ணீர் மணல் மேட்டில் ஏறி எங்கள் கட்டைவிரலைத் தொட்டது.

"பிச்சை, இங்க ஒரு கரண்டி!"

அள்ளித் தண்ணீரில் அலசினேன். மஞ்சள் போய் வெளுத்த கயிறு, அதில் சிக்கிய யாரோ ஒருவரின் கறுகமணி. அடியில் விரல் நகத்தளவு லட்சுமி.

நான் சத்தம் போட்டு ஆடினேன். ஆடியது நான் ஒருத்தன்தான். கலைமதி காசை வாங்கி, தண்ணீரில் கழுவி, கண்ணில் ஒத்திக்கொண்டாள். முந்தானையில் முடிந்துகொண்டாள். அப்புறம்தான் அவரைப் பார்த்தாள்.

"மூணு ராத்திரி நான் தூங்கல சார்."

அவர் தலை குனிந்திருந்தது. கணுக்கால்வரை தண்ணீர்.

"ஒரு வார்த்தை கேட்டிருந்தா சும்மாவே வந்திருப்பேனே சார்" என்று சொல்லிவிட்டுப் படியேறினாள். ஸ்கூட்டர் சத்தம் ஓய்ந்தபிறகுதான் பெஞ்சில் இட்லி டப்பா இருப்பதைப் பார்த்தேன். அன்றைக்கும் கொண்டுவந்திருக்கிறாள்.

பத்து மணிக்குள் ஆறு நிறைந்துவிட்டது. அக்கரையிலிருந்து இக்கரைவரை சேற்றுநிறத் தண்ணீர். இனி மாசக்கணக்கில் மணலைப் பார்க்க முடியாது. மெஷினுக்கு வேலை கிடையாது. ஆனாலும் திங்கட்கிழமை ஆறரைக்குச் செபஸ்தியான் சார் வந்தார். தோளில் பை இல்லை. மடியில் அந்த டப்பா, கழுவித் துடைத்து, முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளவென்று. என்னிடம் இரண்டு வடை வாங்கி அதற்குள் வைத்து மூடினார்.

"எதுக்கு சார்?"

"வெறும் டப்பாவா திருப்பிக் குடுக்கக் கூடாதுல்ல."

அவள் வரவில்லை. சாயங்காலம் டப்பாவைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார். மறுநாள் மறுபடி கழுவிய டப்பா, மறுபடி இரண்டு வடை. இப்படிப் பதினாறு நாள். ஆற்றைப் பார்த்தபடியே உட்கார்ந்திருப்பார். ஸ்கூட்டர் சத்தம் கேட்டால் மட்டும் கழுத்து திரும்பும். ஸ்ரீரங்கத்தில் இவ்வளவு ஸ்கூட்டர் இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

பதினேழாம் நாள் வந்தாள். இன்ஜினை அணைக்கவில்லை. நான்தான் முதலில் போய், "வாம்மா, டீ போடவா?" என்றேன்.

"டைம் ஆச்சுண்ணே. டப்பாவுக்காகத்தான் வந்தேன். ரெட்டை டப்பா, இன்னொண்ணு வீட்டுல இருக்கு. அத்தை கேட்டுக்கிட்டே இருக்காங்க."

அவர் இரண்டு கையாலும் டப்பாவை நீட்டினார். "உள்ள வடை இருக்கும்மா."

"சரிங்க சார்."

"அத்தை..."

"அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. நல்லாருக்காங்க." கொஞ்சம் நின்றாள். "உடம்பைப் பாத்துக்கங்க சார்." போய்விட்டாள். கோபமாகச் சொன்ன மாதிரியும் இல்லை. மறுபடி வருகிற மாதிரியும் இல்லை.

இனி அவர் வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். மறுநாள் ஆறரைக்குப் பெஞ்சின் ஓரத்தில் இருந்தார். வெறும் மடியில் இரண்டு கையும் கிடந்தன. பழக்க தோஷத்தில் இரண்டு வடை கேட்டார். தட்டில் வைத்துக் கொடுத்தேன். அதை எதற்குள் வைப்பதென்று தெரியாதவர் போல ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார். "உக்காருப்பா."

ஒன்பது வருஷத்தில் அடுப்புக்கு இந்தப் பக்கம் நான் உட்கார்ந்ததே இல்லை. உட்கார்ந்தேன். ஒரு வடையை என் பக்கம் தள்ளினார். வடைக்காரனுக்கு வடை வாங்கிக் கொடுத்த ஒரே மனுஷன் இந்தப் பூமியில் அவராகத்தான் இருக்கும். கடித்தேன்.

"சார், உப்பே இல்ல!"

"பதினாறு நாளா இல்லப்பா" என்றார் செபஸ்தியான் சார், ஆற்றைப் பார்த்தபடி. "சாயங்காலம் வீட்டுக்குப் போயி நான்தானே ரெண்டையும் தின்னேன்."